ஃபெர்வாலுக்கு உச்சம் பாடியவள்

லுசியன் ஃபெர்வாலின் பாட்டு ஒலிக்காத சமையலறை எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. அவர் வட பிரான்சில் கலேயில் பிறந்தவர். சொந்தப் பெயர் ஃபோகம்பெர்க். "இந்தப் பேரை போஸ்டர்ல அடிச்சா உன் மூஞ்சியைப் போட இடம் இருக்காது ராசா" என்று சொல்லி, மேனேஜர் அர்மான் அதை ஃபெர்வால் என்று மாற்றினார். நான் அவருக்கு பேஸ் கிட்டார் வாசித்தவன். என் பெயர் ரெஜி. பேஸ் வாசிப்பவனைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை, சொல்லவும் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது சொலான்ஜ் எர்போவைப் பற்றி.

அவள் பெரோன் என்ற சின்ன ஊர்க்காரி. பள்ளி முடித்ததும் ஊருக்கு வெளியே இருந்த சர்க்கரை ஆலையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவாள். எழுபத்திரண்டாம் வருஷம் செப்டம்பரில் ஃபெர்வால் அந்த ஊர்த் திருவிழாவுக்குப் பாட வந்தார். அப்போது அவருக்குப் பின்னால் நின்று பாட மூன்று பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்திக்கு அன்று காலையில் கடைவாய்ப்பல் வீங்கி, முகம் ஒரு பக்கம் பன் மாதிரி உப்பிவிட்டது. அர்மான் ஊர் முழுக்க அலைந்து, பாடகர் குழு நடத்துகிற ஆசிரியரிடம் போய் நின்றார். அவர் சொலான்ஜை அனுப்பிவைத்தார்.

"ரெண்டு நாள்தான் கண்ணு. இன்னைக்கு இங்க, நாளைக்கு சேன்-காந்தேன்ல. திங்கட்கிழமை காலைல உன் ஆபீஸ்ல நீ இருப்ப" என்றார் அர்மான்.

அந்தத் திங்கட்கிழமை அவள் ஆபீசுக்குப் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை. பல்வலிக்காரி பல்லைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பல் மருத்துவரையே கல்யாணமும் செய்துகொண்டு ஒதுங்கிவிட்டாள்.

ஃபெர்வாலின் பெரிய பாட்டு 'கடைசிப் படகு'. துறைமுகத்தில் ஒருவன் நிற்கிறான். காதலியை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பிவிட்டது. அவன் அவளைக் கூப்பிடுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் கடைசி வரியில் "வா, திரும்பி வா" என்று வரும். இரண்டாவது 'வா' மேலே ஏறி, இன்னும் ஏறி, கூரையைத் தொட்டு அங்கேயே நிற்கும். இதற்காகத்தான் ஜனம் சீட்டு வாங்கியது. அந்த இடம் நெருங்கும்போது பெண்கள் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நாங்கள் அவரை 'முதலாளி' என்போம். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் சிகரெட்டை விடமாட்டார், தூங்கமாட்டார், தொண்டையைப் பற்றி யார் பேசினாலும் எழுந்து போய்விடுவார். எழுபத்தெட்டில் கோடைப் பயணம். கடற்கரை ஊர்களில் தினம் ஒரு நிகழ்ச்சி. ரொவாயானில் அவருக்கு நல்ல சளி. 'கடைசிப் படகு' கடைசி வரிக்கு வந்தபோது, முதல் 'வா'விலேயே குரல் கிழிந்தது. இரண்டாவது வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறந்தார். அந்த 'வா' வந்தது. முழுசாக, சுத்தமாக, வழக்கத்தைவிட நீளமாக வந்தது. பாடியவள் சொலான்ஜ். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் குரல் அந்த உயரத்தில் ஆண்குரலா பெண்குரலா என்று பிரித்துச் சொல்லமுடியாதபடி இருந்தது. முதலாளி தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியபடியே நின்றார். ஜனம் எழுந்து நின்று கை தட்டியது.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அர்மான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து மாதிரியே இன்னைக்கும், கண்ணு. அவருக்குச் சளி போறவரைக்கும்."

சளி போய்விட்டது. அந்த உச்சம் திரும்பி வரவில்லை. சொலான்ஜ் பாடிக்கொண்டே இருந்தாள். ஒலி பார்க்கிறவன் அந்த இடத்தில் அவள் மைக்கைத் திறந்துவிடப் பழகிக்கொண்டான். முதலாளி அந்த இடத்தில் தன் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கப் பழகிக்கொண்டார். குரலின் வேகத்தை மைக் தாங்காதென்று அப்படிப் பிடிக்கிறார் என ஜனம் நினைத்துக்கொண்டது. இதைப் பற்றி முதலாளி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பட்டுக் கழுத்துத்துணி மட்டும் கொடுப்பார். "தொண்டையைப் பார்த்துக்க, பொண்ணே" என்பார். அவள் "நன்றிங்க" என்பாள். நாங்கள் எல்லோரும் அவரை நீ, வா, போ என்று பேசுவோம். அவள் மட்டும் கடைசிவரை 'நீங்க'தான்.

அவளுக்கு ஆசையே இல்லாமல் போய்விடவில்லை. எண்பதில் அர்மான் அவளுக்குத் தனியாக ஒரு சின்ன இசைத்தட்டு போட்டுக் கொடுத்தார். டிவியில்கூட ஒருமுறை வந்தாள். மஞ்சள் கவுன், பின்னால் செயற்கைப் பனை மரம். நானும் அவளும் அதை ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பார்த்தோம்.

"எப்படி இருக்கு, ரெஜி? பொய் சொல்லாத."

"குரல் நல்லா இருக்கு."

"குரலைக் கேக்கல. என்னைப் பாரு. பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி இருக்கேன். பஸ்ஸும் வராதுன்னு தெரிஞ்சு நிக்கிறவ மாதிரி."

அவளே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது உண்மை. முன்னால் வந்து நின்றால் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. தட்டு விற்கவில்லை. இரண்டாவது தட்டுக்கு அர்மானும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவளைத் தேய்த்தது இந்தத் தோல்வி அல்ல. அந்த ஒரு 'வா'வைத் தினம் காப்பாற்ற வேண்டியிருந்ததுதான். மதியத்துக்கு மேல் பேசமாட்டாள். குளிர்ந்த எதையும் குடிக்கமாட்டாள். ஜூன் மாத வெயிலில் கழுத்தில் துணி சுற்றியிருப்பாள். புகை பிடிப்பவர்கள் இருக்கும் அறைக்குள் வரமாட்டாள். பயணத்தில் நாங்கள் சீட்டாடிச் சத்தம் போடும்போது அவள் ஜன்னலோரம் உதட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்கா மிரேயின் கல்யாணத்தில் நாள் முழுக்க கிசுகிசு என்றுதான் பேசினாளாம். மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கு ஏதோ நோய் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் அப்பா இறந்தது ஒரு நவம்பரில். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். கோயிலில் அவர் விரும்பிய ஒரு பழைய மாதா பாட்டை அவள் பாடவேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சாமியார் அவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் லில் நகரில் மதியக் காட்சியும் மாலைக் காட்சியும் இருந்தன. கோயில் ஐஸ்கட்டி போலக் குளிர்ந்து கிடந்தது. அழுதுகொண்டே பாடினால் தொண்டை என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆர்மோனியம் மட்டும் தனியாக ஒலித்து முடிந்தது.

வெளியே வந்ததும் மிரேய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்பாவுக்கு ஒரு பாட்டுப் பாட முடியல உனக்கு. அந்த ஆளுக்குப் பாட முடியுதா?"

"நாளைக்கு ரெண்டு காட்சி இருக்கு, மிரேய்."

"போ. போய் அவனுக்கே பாடு."

அக்காவும் தங்கையும் அதற்கப்புறம் வருஷக்கணக்கில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

காலம் எங்களையும் விட்டுவைக்கவில்லை. ரேடியோவில் புதுப் பையன்கள் வந்தார்கள். பெரிய அரங்கங்கள் போய் சூப்பர்மார்க்கெட் திறப்பு விழாக்கள் வந்தன. மேயர் பேசி முடிக்கும்வரை குளிரூட்டப்பட்ட கோழிகளுக்கும் சலவைத்தூள் அட்டைகளுக்கும் நடுவே நின்றிருப்போம். பின்னால் நின்ற மூன்று பெண்கள் இரண்டாகி, இரண்டு ஒன்றானது. அந்த ஒன்று சொலான்ஜ். அவளை அனுப்பமுடியாது. ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

அப்புறம் ஒரு புண்ணியவான் பழைய பாடகர்களை எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏற்றி நாடு சுற்றும் திட்டம் கொண்டுவந்தான். ஆளுக்கு நான்கு பாட்டு. காட்சி எல்லாம் மதியம்தான். முதியோர் இல்லங்களிலிருந்தும் கிராமச் சங்கங்களிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும், கோட்டைக் கழற்றாமலே உட்காரும், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும். முதலாளிக்கு மறுபடி நல்ல காலம். எங்களுக்கு மறுபடி நெடுஞ்சாலை. ஊருக்கு வெளியே ரவுண்டானா ஓரத்து ஓட்டல்கள், எல்லாவற்றிலும் ஒரே ஈரக் கம்பள வாசனை. மேடைக்குப் பின்னால் எப்போதும் அதே மேசை. ஆறிப்போன பன்றி வறுவல், ஊறுகாய் வெள்ளரி, ஓரம் காய்ந்த ரொட்டி. காலையில் எழுந்தால் எந்த ஊர் என்று நினைவுக்கு வராது. சொலான்ஜ் திரையை விலக்கிப் பார்ப்பாளாம். கார் நிறுத்தும் இடம் தெரியுமாம். "எந்த ஊரா இருந்தா என்ன, நிறுத்துற இடம் ஒண்ணுதானே" என்பாள்.

அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த 'வா' இப்போது சும்மா வருவதில்லை. காட்சிக்கு முன்னால் ஒரு மணி நேரம் கழிப்பறைக்குள் பூட்டிக்கொண்டு நீராவி பிடிப்பாள். பாடி முடித்ததும் கழுத்து நரம்பைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். ஒருநாள் நான் சொன்னேன்:

"அர்மான்கிட்ட சொல்லி சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லேன்."

"முதலாளி ஒத்துக்க மாட்டார்."

"கேட்டியா?"

"கேக்கணுமா என்ன? அந்த உச்சம் இல்லேன்னா அந்தப் பாட்டு இல்ல. அந்தப் பாட்டு இல்லேன்னா அவரு இல்ல."

அவள் அதை உண்மையாகவே நம்பினாள். நாங்கள் எல்லோரும்தான் நம்பினோம்.

லிமோழில் ஒரு பிப்ரவரி ஞாயிறு. காலையில் என் அறைக்கதவைத் தட்டினாள். கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சளியில்லை, காய்ச்சலில்லை, குரல் போய்விட்டது, அவ்வளவுதான். அன்று விடுமுறை நாள் என்பதால் மருத்துவரைத் தேடிப் பிடிக்கவே நேரமாயிற்று. அவர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாண் வீங்கிக் கிடக்கிறது, பல வாரங்களுக்குக் கிசுகிசுப்புகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அரங்கத்துக்குப் பின்னால் அர்மான் தலையில் கைவைத்துக்கொண்டு நடந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. நடந்தால் மூச்சு வாங்கும்.

"இதை அவருகிட்ட யாரு சொல்றது? இத்தனை வருஷமா நடக்காத விஷயம் மாதிரில்ல இருந்துட்டோம். இப்பப் போயி, 'ராசா, உன் குரலுக்கு உடம்பு சரியில்ல'ன்னு சொல்லவா?"

"பாட்டை எடுத்துரு" என்றேன்.

"எடுத்தா சீட்டுக் காசைத் திருப்பிக் கேப்பாங்க, பேஸு! வெளிய போயிப் பாரு. சக்கர நாற்காலியே ரெண்டு வரிசை இருக்கு."

கதவு திறந்துதான் கிடந்தது. முதலாளி உள்ளே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். திரும்பி, வாசலில் நின்ற சொலான்ஜைப் பார்த்தார். அவள் கழுத்தில் இரண்டு துணி சுற்றியிருந்தாள். அவர் "ம்" என்றார். பிறகு புருவத்தை வரைய ஆரம்பித்தார்.

அவள் ஓட்டலுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். போகவில்லை. தன் வழக்கமான இடத்தில், மூடிய மைக்குக்குப் பின்னால் வந்து நின்றாள். 'கடைசிப் படகு' வந்தது. கடைசி வரி வந்தது. முதல் 'வா'வை அவர் பாடினார். இரண்டாவதற்கு, பழக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினார், மைக்கைத் தள்ளிப் பிடித்தார். ஒன்றும் வரவில்லை. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தாளக்காரனும் நிறுத்தினான். அவர் மெல்லத் தலையை நிமிர்த்தினார். மைக்கை உதட்டருகே கொண்டுவந்தார்.

"வா" என்றார்.

பாடவில்லை, சொன்னார். பக்கத்து அறையில் இருப்பவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

 முன்வரிசையில் ஒரு கிழவர் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். அப்புறம் அரங்கமே எழுந்தது. எழமுடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கைத்தடியால் தரையைத் தட்டினார்கள். அந்தப் பாட்டுக்கு அப்படி ஒரு வரவேற்பை நான் பார்த்ததில்லை. ரொவாயானிலும் இல்லை, பாரிஸிலும் இல்லை.

திரை விழுந்ததும் அர்மான் ஓடிவந்து முதலாளியைக் கட்டிக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏண்டா, இதை முன்னாடியே பண்ணியிருக்கக்கூடாதா? இருபது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கக்கூடாதா?"

சொலான்ஜ் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். அர்மான் கெட்டவர் இல்லை. அந்த நேரத்தில் அவள் அவர் கண்ணில் படவில்லை. அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சத்தமில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு, நிறுத்தமுடியாமல் சிரித்தாள். நான் அவளைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. என் தோளில் தலைவைத்து அங்கேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில், ஃபெர்வால் இத்தனை காலம் கத்திய காதலை இப்போதுதான் புரிந்துகொண்டு பாடுகிறார் என்று எழுதியிருந்தார்கள். அர்மான் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெரோனுக்குப் போய் ஓய்வெடுத்து, வசந்தம் முடியும்போது அவள் திரும்பி வந்தாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் இருந்தது. அவள் இடம் அப்படியே இருந்தது. ஆனால் அந்த 'வா'வை யாரும் அவளுக்குத் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. மற்ற பாட்டுகளுக்குப் பின்னால் 'ஊ' என்றும் 'ஆ' என்றும் பாடினாள். அந்தக் கடைசி வரியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அர்மான் வந்து சொன்னார்:

"இப்ப உனக்கு எவ்வளவு சுகம் பாரு, கண்ணு! இனி ஐஸ்கிரீம்கூடச் சாப்பிடலாம்."

"ஆமா" என்றாள்.

மோந்தெலிமாருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலை உணவகம் ஒன்று. மதியம். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிற இடம். நானும் அவளும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தோம். முதலாளி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். அப்படி அவர் வந்ததே இல்லை. தட்டில் அவித்த மீனும் உருளைக்கிழங்கு மசியலும். கொஞ்ச நேரம் மசியலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷம் பாடினே, அதை?" என்று கேட்டார்.

எதை என்று அவள் கேட்கவில்லை. "ரொவாயான்ல இருந்து" என்றாள்.

"ரொவாயானா? அவ்வளவு முன்னாடியா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." மீனில் முள் தேடினார். "தெரிஞ்சுது. அப்புறம் மறந்துட்டேன். நிஜமாத்தான் சொல்றேன், பொண்ணே. தலையைச் சாய்ச்சா அது வந்துச்சு. என் தொண்டைல வலிகூட இருக்கும் எனக்கு."

"எனக்கும் இருந்துச்சு" என்றாள் சொலான்ஜ்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கோபமாகச் சொல்லவில்லை. உப்பை எடுத்துக் கொடுங்கள் என்பது போலச் சொன்னாள்.

"வேணாம்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாமே."

"வேணும்னு நினைச்சேங்க."

"நானும்தான்" என்றார் அவர். அதற்கப்புறம் மூவரும் சாப்பிட்டோம். பஸ் ஓட்டுநர் வந்து, "கிளம்பலாமா முதலாளி, லியோன்ல நெரிசலாயிரும்" என்றான். கிளம்பினோம்.

அந்தப் பயணம் முடிந்ததும் அவள் நின்றுகொண்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. கடைசி மதியக் காட்சி திஜோனில். அர்மான் கேக் வாங்கிவைத்திருந்தார். அதில் அவள் பெயரை க்ரீமில் தப்பாக எழுதியிருந்தார்கள். முதலாளி ஏதோ பேச எழுந்து, தொண்டையைச் செருமிவிட்டு, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் ஒரு துண்டு கேக்கைத் துடைக்கும் தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனாள்.

பெரோனில் ஒரு கண்ணாடிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தாள். நகராட்சி நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலை கிடைத்தது. ஓய்வூதிய வயது வரும்வரை அதைப் பார்த்தாள். பாடகர் குழுவினர் வந்து கேட்டார்கள். முடியாது என்றாள். ஃபெர்வாலோடு பாடினவளாச்சே, ஒரு கூட்டத்தில் வந்து அனுபவம் சொல்லுங்கள் என்று நூலகத்தில் கேட்டார்கள். அதற்கும் முடியாது என்றாள்.

மிரேயோடு மறுபடி பேச்சு வந்தது. அக்கா விதவையாகி இருந்தாள், தங்கை கல்யாணமாகாதவள்; தனித்தனி வீட்டில் எதற்குச் சமைப்பது என்று ஒரே வீட்டில் மதியச் சாப்பாடு செய்ய ஆரம்பித்தார்கள். அப்படி ஒருநாள் லீக்ஸ் என்கிற வெங்காயத்தாள் நறுக்கும்போது லிமோழ் கதையை சொலான்ஜ் அக்காவிடம் சொன்னாளாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிரேய் கத்தியைக் கீழே வைத்தாளாம்.

"அப்போ அன்னைக்கு அப்பாவுக்குப் பாடியிருக்கலாம்."

"பாடியிருக்கலாம்."

"அந்த ஆளு சும்மா பேசிட்டுப் போயிருப்பான் மேடைல."

"பேசிட்டுப் போயிருப்பார்."

மிரேய் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாளாம். அவள் திட்டவில்லை. மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "வெண்ணெய் பழசு வாடை அடிக்குது, மோந்து பாரு" என்றாளாம். இதை சொலான்ஜ் என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. அலுப்புதான் அதிகம் இருந்தது.

முதலாளி ஒருமுறை அவளைப் பார்க்க வந்தார். இடுப்பு எலும்பு அறுவை முடிந்து கைத்தடியோடு நடந்துகொண்டிருந்த சமயம். கலேயில் சொந்தக்காரர் வீட்டிலிருந்து பாரிஸுக்குத் திரும்புகிற வழியில், "பெரோனுக்குள்ள விடு" என்றார். கார் ஓட்டியது நான். மேல்மாடி ஏற அவருக்குப் பாதி மதியம் ஆனது. சொலான்ஜ் என்டீவ் கீரையைப் பன்றித் தொடைக்கறியில் சுருட்டி, மேலே சீஸ் போட்டு அடுப்பில் வாட்டிக் கொடுத்தாள். சாப்பிட்டோம். அவர் விஷயத்துக்கு வந்தார்.

"வர்ற இலையுதிர் காலத்துல விடைபெறும் பயணம். கடைசிப் பயணம். நீ வரணும், பொண்ணே. எதுவும் பாட வேணாம். பின்னால நின்னா போதும். திரும்பிப் பாக்கும்போது அந்த இடத்துல வேற யாரோ நிக்குறாங்க, எனக்குச் சரிப்படல."

"இல்லீங்க. நான் வரல."

"என் மேல கோவமா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இல்லீங்க. தூக்கம்தான் வருது. அங்கயிருந்து வந்ததிலேர்ந்து எவ்வளவு தூங்கினாலும் பத்த மாட்டேங்குது."

"எனக்குத் தூக்கமே வரதில்ல" என்றார் அவர்.

"அந்த நாற்காலில சாஞ்சு பாருங்க. மிரேய் அதுல உக்காந்தா உடனே குறட்டைதான்."

நான் காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பத்திரிகை வாங்கிக்கொண்டு வரலாம் என்று கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது சன்னலில் இன்னும் நல்ல வெயில் இருந்தது. டிவியில் சைக்கிள் பந்தயம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சொலான்ஜ் எதிரே சோபாவில் காலைச் சுருட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மேசையில் தட்டுகள் அப்படியே கிடந்தன. நான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பந்தயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். "படில வெளிப்பக்கமா கால் வைங்க, உள்பக்கம் வழுக்கும்" என்றாள். அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். காரில் ஏறி ஊர் எல்லை தாண்டியதும் கேட்டார்:

"அவ நல்லா இருக்காளா, ரெஜி?"

"நல்லா இருக்கா."

"ம்" என்று சொல்லிவிட்டுக் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் இரண்டு விடைபெறும் பயணங்கள் போனார். முதலாவதோடு நான் நின்றுகொண்டேன். எனக்கும் விரல் மூட்டுகள் மடங்க மறுத்தன. சொலான்ஜ் எந்தக் காட்சிக்கும் வரவில்லை. அவருடைய அடக்கத்துக்கு மட்டும் மிரேயோடு கலேக்கு வந்தாள். கோயிலில் பெருங்கூட்டம், டிவிக்காரர்கள், அமைச்சர் ஒருவர். அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. தூண் ஓரமாக நின்றிருந்தாள். நான் என் இடத்தைத் தருகிறேன் என்றேன்.

"வேணாம் ரெஜி. முடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவோம். சாயங்கால ரயில்ல கூட்டம் அதிகம், மிரேயால நிக்க முடியாது."

சொன்னபடியே பாதியில் கிளம்பிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளுக்குத் தொலைபேசி போடுகிறேன். என்ன பண்ணுகிறாய் என்று கேட்டால், "உக்காந்திருக்கேன்" என்பாள். அதற்கு மேல் பேச எங்களுக்கு அதிகம் இருப்பதில்லை.